லாஜிஸ்டிக் மாடலில் குணகம் 0.7: இதற்கு என்ன அர்த்தம்?

கேள்வி (கிருஷ்ணகிரி):
போச்சம்பள்ளிப் பக்க மாந்தோப்புகளில் சொட்டு நீர் போட்டிருக்கிறார்களா இல்லையா என்று ஆர் மென்பொருளில் ஜிஎல்எம் கட்டளையால் லாஜிஸ்டிக் மாடல் (ஆம்/இல்லை விடையின் நிகழ்தகவைக் கணிப்பது) ஓட்டினேன். கிணறு இருப்பதற்குக் குணகம் 0.7. கணிப்புக்கு பிரெடிக்ட் கட்டளை கொடுத்தால் சில தோப்புகளுக்கு மைனஸ் வருகிறது. நிகழ்தகவு மைனஸில் வருமா?

பதில் 1:
வராது. அது லாக்-ஆட்ஸ், அதாவது ஆட்ஸின் (நடக்கும் நிகழ்தகவு ÷ நடக்காத நிகழ்தகவு) மடக்கை. பிரெடிக்டில் டைப் என்ற இடத்தில் ரெஸ்பான்ஸ் என்று கொடுங்கள், நிகழ்தகவு வரும். 0.7ஐ 70% என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பதில் 2:
0.7 என்றால், கிணறு இருந்தால் ஆட்ஸ் சுமார் இரண்டு மடங்காகிறது (e^0.7 ≈ 2), அவ்வளவுதான். நிகழ்தகவு 50% இருந்த இடத்தில் 67% ஆகும். 90% இருந்த இடத்தில் 95%தான். நிகழ்தகவு கூடும் அளவு இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால், ஆரின் மார்ஜினல்எஃபெக்ட்ஸ் பேக்கேஜில் ஆவரேஜ் கம்பாரிசன்ஸ் ஓட்டுங்கள். ஒவ்வொரு தோப்புக்கும் கிணறு உண்டு, இல்லை என இருமுறை கணித்து, வித்தியாசத்தின் சராசரியை நம்பிக்கை இடைவெளியோடு தரும். ஸ்டேட்டா மென்பொருள் வைத்திருந்தால் மார்ஜின்ஸ் கட்டளை.

பதில் 3:
மா ரகத்தை 1, 2, 3 என்று பதிந்திருந்தால் முதலில் ஃபேக்டராக (எண்ணாக அல்ல, வகையாக) மாற்றுங்கள் சார். இல்லையென்றால் பெங்களூராவிலிருந்து அல்போன்சாவுக்குப் போவதை ‘ஒரு யூனிட் கூடியது’ என்றே எடுத்துக்கொள்ளும். எரர் எதுவும் காட்டாது.