முதலில் வந்தவர்களின் சாமியா நாட்டின் சட்டம்?

கோட்டைவாசல்:
அமெரிக்காவில் மதச் சுதந்திரம் தழைத்ததற்கு, அங்கே முதலில் குடியேறியவர்களின் பக்திதான் காரணம் என்கிறேன். 1620 இல் மேஃபிளவர் கப்பலில் போனவர்களில் பலர் இங்கிலாந்துத் திருச்சபையின் கெடுபிடிக்குத் தப்பியவர்கள். பட்டவனுக்குத்தானே வலி தெரியும்? விதைத்ததுதான் முளைக்கும்.

உப்புவெளி:
தன் வலி தெரிந்தது, ஐயா. பிறர் வலி? பத்தாண்டு கழித்து மாசச்சூசெட்சில் வந்திறங்கிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்த கிறித்தவர்கள்), 1631 முதல் தங்கள் சபையாருக்கு மட்டுமே வாக்குரிமை தந்தார்கள். மனச்சாட்சியில் அரசு கைவைக்கக் கூடாது என்ற ரோஜர் வில்லியம்சைத் துரத்தினார்கள். குவேக்கர் என்ற இன்னொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660 இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

கோட்டைவாசல்:
அந்த வில்லியம்சும் பியூரிட்டன் போதகர்தான், பிள்ளை. கட்டாய வழிபாடு கடவுளுக்கே ஆகாது என்று வேதத்தை வைத்துத்தான் வாதாடினார். பென்சில்வேனியாவை வில்லியம் பென் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்துவிட்டதும் குவேக்கர் நம்பிக்கையால்தான். மதத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன?

மூதூர்க்கரை:
ஆளுக்கொரு ஊரைக் காட்டுகிறீர்கள், விஷயமே அதுதான். வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபை, பென்சில்வேனியாவில் குவேக்கர், மாசச்சூசெட்சில் பியூரிட்டன் வழிவந்தோர். ஒரே நாடாகச் சேரும்போது எந்தச் சபையை அரச சபையாக்குவது? ஒருவரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அரச மதத்தை நிறுவும் சட்டம் கூடாது என்ற 1791 அரசியல் யாப்புத் திருத்தத்துக்கு பக்தியைவிட இந்த இழுபறிதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதுவும் மத்திய அரசை மட்டுமே கட்டியது. மாசச்சூசெட்சில் சபைக்கான வரி 1833 வரை நீடித்தது. விதை முளைக்க இருநூறு ஆண்டா, அண்ணன்?

உப்புவெளி:
"முதலில்" என்ற சொல்லும் இடிக்கிறது. வில்லியம்சுக்கு நிலம் கொடுத்தவர்கள் ஆதிக்குடிகளான நரகன்செட் மக்கள். அங்குள்ள ஆதிக்குடிகளின் சடங்குகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது 1978 இல்!

கோட்டைவாசல்:
முன்னோர் நம்பிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லையா? குளக்கோட்டன் என்ற மன்னன் சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து நம் கோணேசர் கோயில் தொண்டுக்கு வைத்தான் என்கிறது கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல். இந்தத் திருகோணமலையின் குணமே அதிலிருந்து வந்ததுதான்.

மூதூர்க்கரை:
நம் ஊரில் குடியேற்றம் என்ற சொல்லே சுடும், பார்த்து எடுங்கள். நீங்கள் குளக்கோட்டனை எடுத்தால் இன்னொருவர் சிங்களவரின் முதல் மன்னன் எனப்படும் விஜயனை எடுப்பார். முஸ்லிம்களான எங்கள் வாப்பாமார் எந்த வரிசையில் நிற்பது? சுதந்திரத்தின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972 யாப்பில் அது போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. அதற்குச் சொல்லப்படும் நியாயமும் உங்கள் வாதம்தான்: நாட்டை உருவாக்கிய மதம்.

கோட்டைவாசல்:
அது வேறு, இது வேறு. கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றும் அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் சாமி கும்பிடப் போகிறோம். இழந்தவன் பேசுவதும் ஆள்பவன் பேசுவதும் ஒன்றா?

உப்புவெளி:
ஒன்றில்லை, ஐயா. மேஃபிளவரில் ஏறியபோது அவர்களும் இழந்தவர்கள்தான்.