லவ்டேல் ஸ்டேஷனில் அப்பாவை ரயில் ஏற்ற உதவி வேண்டும்

ஊட்டி, குன்னூர் நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவுக்கு 81 வயது. மலை ரயில் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பார்த்துப் பராமரிக்கும் ஊழியராக இருந்தவர். லவ்டேலில் ஏறி குன்னூர் வரை ஒருமுறை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஊட்டியிலேயே ஏறலாமே என்றால் கேட்பதில்லை. 1908-ல் ஊட்டிக்குப் பாதை நீண்டதே, அதில் ஊட்டியையும் விட உயரமான இடத்தில் இருக்கிற ஸ்டேஷன் லவ்டேல்தான். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இப்போதும் நடக்கும்போது கைத்தடியால் தரையைத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். அந்த வேலையில் வந்த பழக்கம்: தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு தளர்ந்திருந்தால், தட்டும்போது சுத்தியல் சத்தமே மாறிவிடுமாம்.

சிக்கல் என்னவென்றால், வலது முழங்கால் மடங்காது. பெட்டியின் படி உயரம். லவ்டேலில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும்? கார் பிளாட்பாரம் பக்கம் வரை போகுமா? அங்கிருந்தே ஏறுகிற மாதிரி முன்பதிவு செய்ய முடியுமா? போன தடவை வரிசையில் நின்றும் டிக்கெட் தீர்ந்துபோய், அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார்.

அப்புறம், பக்கத்தில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட வந்தால் பெரிய உதவி. அடுத்த மாதம், மழை இல்லாத ஒரு நாளில் போகலாம் என்றிருக்கிறோம்.