மூன்று சுற்றுக்கு ஒரு 'டக்': பழைய 125-இல் செயின் சத்தம்

மோல்மேன் மழைக்காரன்
வண்டி 125 சிசி, தாய்லாந்து வழியாக வந்தது. வயசு பதினாறு இருக்கும், நான் மூன்றாவது கை. பர்மாவில், மோல்மேனிலிருந்து தினமும் முடோன் வரை போய் வருகிறேன். மழைக்காலம் முழுக்கத் தகரக் கொட்டகையில் நனைந்தபடிதான் நின்றது. இப்போது பின்பக்கம் சத்தம். மெதுவாகப் போனால் 'டக்... டக்...' என்று ஒரே இடைவெளியில் வருகிறது. முப்பதைத் தாண்டினால் எல்லாம் கலந்து கரகரப்பாகிவிடுகிறது. அது போதாதென்று, ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் 'தொடக்' என்று தனியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன் செயினை இறுக்கினேன், சத்தம் கூடிவிட்டது. எண்ணெய் போதுமா, செயினா, செட்டே மாற்ற வேண்டுமா? டீக்கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பெகு பட்டறை
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினாறு வயசு வண்டி, செட்டாக மாற்று. செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றும். அதுவரை ஓட வேண்டுமென்றால் என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை எடுத்துக்கொள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் சக்கரத்தைச் சுற்ற விட்டு ஊற்று. எங்கள் பட்டறையில் இருபது வருஷமாக இதுதான்.

தட்டோன் வாத்தியார்
மழைக்காரத் தம்பி, காசை எடுக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்.

என்ஜினை அணைத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். பின் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, செயினில் ஒரு கண்ணியில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சக்கரம் ஒரு சுற்று வர ஒரு 'டக்' என்றால் கோளாறு சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில்: பின் பல்சக்கரம், அதன் போல்ட், சக்கர பேரிங். ஒரு சுற்றுக்குள் இரண்டு மூன்று 'டக்' வந்தால் முன் பல்சக்கரம். சக்கரம் பல சுற்று வந்த பிறகு ஒரு தடவை என்றால் செயினில்தான் ஏதோ ஒரு கண்ணி. பற்களையும் கண்ணிகளையும் எண்ணிச் சொல்லுங்கள், கணக்கு நான் போடுகிறேன்.

பட்டறைக்காரருக்கு ஒரு வார்த்தை. என்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கையைக் கொண்டு போகச் சொல்லாதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே துணி மாட்டினால் பின்னாலேயே விரலும் போகும்.

பெகு பட்டறை
வாத்தியார் என்பதால் கணக்குப் பரீட்சை வைக்கிறார். விரல் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பையன்களுக்குப் பழக்கம், தம்பிக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்த 'தொடக்' செயினே இல்லை. பின் ஹப்புக்குள் பல்சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் நாலு துண்டு இருக்கும். அது நைந்தால் ஆக்ஸிலேட்டர் விட்டுப் பிடிக்கும்போது இப்படித்தான் அடிக்கும். சாக்பீஸ் வைத்து இதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்களேன்!

தட்டோன் வாத்தியார்
ரப்பர் பற்றிச் சொன்னது நியாயம், அது எனக்குத் தோன்றவில்லை. தம்பி, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின் பல்சக்கரத்தை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் ரப்பர் போயிருக்கிறது.

ரங்கூன் வாசகன்
எங்கள் ஊருக்குள் பைக்குக்குத் தடை. அதனால் எனக்கு வாசிப்பது மட்டும்தான் ஓட்டம். இருந்தாலும் கேட்கிறேன், இறுக்கியதும் சத்தம் ஏன் கூடியது?

தட்டோன் வாத்தியார்
எல்லாக் கண்ணியும் ஒரே அளவு தேயாது. சுற்றி வரும்போது செயின் ஓரிடத்தில் தொங்கும், ஓரிடத்தில் விறைக்கும். தொங்கும் இடத்தைப் பார்த்து இறுக்கினால் விறைத்த இடம் கம்பி மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும்போது இன்னும் இழுக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டின் பேரிங்குக்கு அது கேடு. விறைத்த இடத்தில்தான் லூஸ் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டிக்குச் சுமார் 25 முதல் 35 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடலாம், வண்டியில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ளதே சரி.

மோல்மேன் மழைக்காரன்
ஞாயிறு காலை முழுக்க இதிலேயே போனது. செயின் கவரைக் கழற்றவே அரை மணி, ஒரு ஸ்க்ரூ துரு ஏறித் தலை வழுக்கிவிட்டது. முன் பல் 14, பின் பல் 36, செயின் 104 கண்ணி. சக்கரம் கிட்டத்தட்ட மூன்று சுற்றுக்கு ஒரு 'டக்'.

தட்டோன் வாத்தியார்
104-ஐ 36-ஆல் வகுத்தால் 2.89. செயின்தான். அந்த 'டக்' வரும்போது முன் பல்சக்கரத்தை விட்டு வெளியே வரும் கண்ணிகளைப் பாருங்கள்.

மோல்மேன் மழைக்காரன்
பார்த்தேன். ஒரு கண்ணி மட்டும் நேராகவில்லை. பல்சக்கரத்தில் வளைந்தது அப்படியே, முடக்கிய விரல் மாதிரி நிற்கிறது. கீழே வந்து ரப்பர் பட்டையில் இடிக்கும்போதுதான் 'டக்'. செயினின் இரு முனையையும் சேர்க்கும் பூட்டுக் கண்ணியிலிருந்து நாலாவது. பக்கத் தகட்டுக்கு நடுவே செம்பழுப்புத் துரு. பின் பல்சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஆடுகிறது. பட்டறை அண்ணன் சொன்னது சரி.

தட்டோன் வாத்தியார்
அப்படியானால் செட் வேண்டாம். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெல்ல அசைத்து விடுங்கள். காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயில், செயினின் உள்பக்கத்தில், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஓ-ரிங், அதாவது கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் வளையம், வைத்த செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷும் கூடாது. ரப்பர் நாலு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது.

பெகு பட்டறை
எங்கே முடிந்தது? நீங்கள் ஒரு கண்ணியைப் பார்த்தீர்கள், நான் முழுச் செயினையும் பார்க்கச் சொல்கிறேன். மோல்மேனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் நனைந்த செயினில் ஒரே ஒரு கண்ணிக்குள் மட்டும் தண்ணீர் போயிருக்குமா? அளந்தாரா? முன் பல்சக்கரத்தின் மூடியைத் திறந்தாரா? அதைத் திறக்காமல் 'செட் வேண்டாம்' என்று தட்டோனிலிருந்து எப்படித் தெரிகிறது?

தட்டோன் வாத்தியார்
பெகுவிலிருந்து 'செட் மாற்று' என்று தெரிந்த மாதிரிதான்.

சரி, அளக்கலாம். இந்த வண்டிகளில் வரும் 428 என்ற அளவுச் செயினில் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர். ஒரு முள்ளின் நடுவிலிருந்து எண்ணி இருபது கண்ணி தாண்டிய முள்ளின் நடுவரை புதுச் செயினில் 254. ஓ-ரிங் இல்லாத செயினுக்கு இரண்டு சதவீதம் நீளலாம், அதாவது 259 வரை. செயினை இழுத்துப் பிடித்து, நாலு வெவ்வேறு இடத்தில் அளக்க வேண்டும்.

மோல்மேன் மழைக்காரன்
என்னுடையது ஓ-ரிங் இல்லாதது. அக்காவை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். 256, 257, 257, நாலாவது இடத்தில் 260. மூன்று தடவை பார்த்துவிட்டேன், 260தான். அந்த இறுகிய கண்ணி இருக்கும் பக்கம்.

முன் மூடியையும் திறந்தேன். உள்ளே செம்மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களி, ஸ்க்ரூடிரைவரால் தோண்டி எடுத்தேன். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலை மாதிரி நுனி வளைந்திருக்கின்றன. பின் பல்சக்கரம் பரவாயில்லை.

பெகு பட்டறை
முதல் நாளே சொன்னேன்.

தட்டோன் வாத்தியார்
சொன்னீர்கள், பார்க்காமல் சொன்னீர்கள். நானும் பாதி பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்றேன், அது என் தப்பு. முன் பல் கொக்கி மாதிரி ஆகிவிட்டால் புதுச் செயினையும் அது சீக்கிரம் தின்றுவிடும். பின் பல் 'பரவாயில்லை' என்றாலும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் அந்தக் கறுப்புக் களி யார் புண்ணியம் என்று பட்டறைக்காரர் சொல்லட்டும். வடித்த எண்ணெயில் என்ஜின் தேய்ந்த உலோகப் பொடி இருக்கிறது. அதில் நம் ஊர்ச் செம்மண்ணும் ஒட்டினால் அது உப்புத்தாள்.

பெகு பட்டறை
எண்ணெயே போடாமல் துருப்பிடிக்க விடுவதற்கு வடித்த எண்ணெய் மேல். கியர் ஆயில் வாங்கக் காசுள்ளவர் வாங்கட்டும். மழைநாளில் வாரா வாரம் போட வேண்டும், எத்தனை பேர் போடுவார்கள்?

ரங்கூன் வாசகன்
முன் பல் 14, கண்ணி 104, இரண்டும் இரட்டைப்படை. அப்படியென்றால் ஒரு பல் எப்போதும் உள்கண்ணியையே சந்திக்கும், அடுத்த பல் எப்போதும் வெளிக்கண்ணியையே. 15 பல் போட்டால் மாறி மாறி வருமே, தேய்மானம் பரவாதா?

தட்டோன் வாத்தியார்
பரவும். ஆனால் 15 போட்டால் வண்டியின் இழுவை குறையும். மோல்மேன் பகோடா மலை மேடேறும்போது தம்பிக்குத் தெரியும். 14-ஏ இருக்கட்டும்.

மோல்மேன் மழைக்காரன்
செட்டும் ரப்பரும் நேற்று மாட்டியாகிவிட்டது. 'தொடக்' போய்விட்டது, 'டக்' போய்விட்டது. பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்று கடைப் பையன் காட்டிக் கொடுத்தான், நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். பின் அச்சின் இரண்டு பக்கக் கோடும் ஒன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நூல் பிடித்துப் பார்த்தபோது சக்கரம் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது, திருத்திவிட்டேன். பழைய செயின் மண்ணெண்ணெய் டப்பாவில் கிடக்கிறது. கொட்டகைக் கதவுக்குப் பூட்டுச் சங்கிலியாக வேண்டுமாம், அக்கா கேட்டிருக்கிறாள்.

பெகு பட்டறை
கதவுக்கு என்றால் வடித்த எண்ணெயே போதும் தம்பி.