புதுப்பிப்பு: மகனின் அடினாய்டு, என்ன ஆச்சு?

ஆறு வயது மகனுக்கு விடாத குறட்டை, வாயைத் திறந்தபடி தூக்கம், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மொமெட்டசோன் ஸ்பிரே, அதாவது வீக்கத்தைக் குறைக்க மூக்கில் அடிக்கும் மருந்து. அதை நான் நேராக மூக்கின் நடுச்சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன்! வெளிப்பக்கமாக, காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டுமாம். திருத்திக்கொண்ட பிறகு சில வாரங்களில் குறட்டை பாதியானது.

பன்னிரண்டு வயதுக்குள் இந்தச் சதை பெரும்பாலும் தானே சுருங்கிவிடும் என்பதால் காத்திருக்கத்தான் நினைத்தோம். ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். பரிசோதித்தால், வீங்கிய சதை காதுக்குப் போகும் குழாயை அடைத்து, இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர். சரி, இனி தள்ளிப்போட வேண்டாம் என்று காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் ஆபரேஷன் முடித்தோம். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுத்தார்கள். வெளியே தழும்பே இல்லை. மறுநாள் வீடு.

ஒரு வாரம் வாய் நாற்றம் இருந்தது, அது வழக்கம்தானாம். அப்பத்தா ஆசையாகத் தேன்குழல் சுட்டுவிட்டார். மொறுமொறுப்பு ஆகாது என்று டப்பாவைப் பரணில் ஏற்றினேன். குழைந்த சாதம், இளநீர்தான்.

நேற்று இரவு மூச்சுவிடும் சத்தமே கேட்கவில்லை. பயந்துபோய் எழுந்து இரண்டு தடவை மூக்கில் கைவைத்துப் பார்த்தேன்.