மனைவி அரச ஆசிரியை, சேவையில் இருக்கும்போது காலமானார் – கணவர் ஓய்வூதியம் கேட்கலாமா?

வெள்ளவத்தை அப்பா:

வணக்கம். என் மனைவி கொழும்பில் ஓர் அரச பாடசாலையில் படிப்பித்தவர், 2011இல் நியமனம் கிடைத்தது. ஐந்து மாதத்துக்கு முன் சேவையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் வான் காசும் கட்டினால் என் சம்பளத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, அவருடைய சம்பளத்தில்தான் சாப்பாட்டுச் செலவு ஓடியது.

போன மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். மேசையில் இருந்தவர் ஃபைலைக்கூடப் பார்க்கவில்லை, "அது விதவைகளுக்குக் கொடுக்கிறது, நீங்கள் ஆம்பிளைதானே, உழைக்கிறீர்கள்தானே" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கும் அந்த நேரம் எதிர்த்துக் கேட்கிற மனநிலை இல்லை, வந்துவிட்டேன். ஆனால் அவருடைய சம்பளச் சிட்டையில் மாதாமாதம் டபிள்யூ அன்ட் ஓபி என்று ஒரு கழிவு இருக்கிறது. அது என்ன காசு? எங்களுக்கு வராதென்றால் ஏன் பிடித்தார்கள்?

இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது. கல்யாணம் பருத்தித்துறையில், விவாகப் பதிவு தமிழில். மகளின் பிறப்புச் சான்றிதழ் இங்கே சிங்களத்தில் எடுத்தது. அதில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருக்கிறது, அடையாள அட்டையில் வேறு மாதிரி. அப்புறம், ஆசிரியை ஆவதற்கு முன் மூன்று வருடம் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்தவர், அந்தக் காசு எதுவும் எடுத்ததாக எனக்குத் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளைப்பாறிய எழுதுநர்:

தம்பி, முதலில் என் அனுதாபம். கல்வி அலுவலகத்தில் 27 வருடம் இந்த ஃபைல்களோடுதான் இருந்தேன், அதனால் தெளிவாகவே சொல்கிறேன்: உங்களுக்கு உரித்து இருக்கிறது. அந்தக் கழிவின் முழுப் பெயரே விதவைகள், தபுதாரர்கள் மற்றும் அநாதைகள் ஓய்வூதியம்தான். தபுதாரர் என்றால் மனைவியை இழந்தவர், பழைய இலக்கணத்தில் வருகிற சொல், இப்போது ஓய்வூதியப் படிவத்தில்தான் உயிரோடு இருக்கிறது, அதனால் பலருக்கு விளங்குவதில்லை. விதவைகளுக்கான சட்டம் 1898இல் வந்தது. அந்தக் காலத்தில் அரச சேவை என்றால் ஆண்கள் என்ற நினைப்பு. பெண் உத்தியோகத்தர்களின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்று 1983இல் 24ஆம் இலக்கச் சட்டம் தனியாக வந்தது. உங்கள் மனைவியின் சம்பளத்தில் பிடித்தது அதற்குத்தான். நீங்கள் உழைப்பது இதற்குத் தடையே இல்லை. யாரோ மேசையில் இருந்து சொன்னதற்காக அதை விட்டுவிடாதீர்கள், அது அவர் படிப்பித்த ஒவ்வொரு மாதத்திலும் உங்களுக்காக ஒதுக்கிய காசு.

வழி இப்படி. நேரே ஓய்வூதியத் திணைக்களத்துக்கு ஓட வேண்டாம். அவர் கடைசியாக வேலை செய்த பாடசாலையின் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள், அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகம், அங்கேதான் சுயவிபரக் கோவை, அதாவது அவருடைய சேவைக் கடிதங்கள் எல்லாம் உள்ள ஃபைல், இருக்கும். கோவை முழுமையாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நியமனக் கடிதம், சேவையில் நிரந்தரமாக்கிய கடிதம், டபிள்யூ அன்ட் ஓபி பதிவு இலக்கம் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இழுபடுகிற ஃபைல்களில் பெரும்பாலானவை நிரந்தரமாக்கிய கடிதம் காணாமல் போனதால் இழுபட்டவைதான், நான் கண்ணால் பார்த்தது. அங்கே தயாரானதும் மாளிகாவத்தையில் உள்ள திணைக்களத்துக்குப் போகும். பிறகு மாதாந்தக் கொடுப்பனவு நீங்கள் வசிக்கிற பிரதேச செயலகம் ஊடாக வங்கிக்கு வரும், வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய. சேவையில் இறந்தவர் என்பதால் மரணப் பணிக்கொடை என்று மொத்தமாக ஒரு தொகையும் இருக்கிறது, அதையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். அக்ரஹார என்கிற அரச ஊழியர் காப்புறுதியைப் பற்றியும் பாடசாலையில் கேட்டுவிடுங்கள், அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது, தனி விண்ணப்பம், தாமதித்தால் கைவிட்டுப் போகலாம்.

மறுபடி யாராவது வாயால் "கிடையாது" என்றால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 1970 என்ற இலக்கத்துக்கு போன் எடுத்தால் ஓய்வூதியத் திணைக்களத்திலேயே விசாரிக்கலாம்.

தெஹிவளை அக்கா:

தம்பி, நான் கணவரை இழந்து ஆறு வருடம். அவர் தனியாரில் இருந்தவர், அதனால் மாதாந்த ஓய்வூதியம் ஒன்றும் இல்லை, இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) என்று தனியார் ஊழியருக்குச் சேர்கிற காசை எடுக்க அலைந்ததுதான். அந்த மூன்று வருடக் காசை விட்டுவிடாதீர்கள். இபிஎஃப்க்கு உங்கள் மனைவியின் சம்பளத்தில் 8 சதவீதம், கம்பனி 12 சதவீதம், ஈடிஎஃப்க்குக் கம்பனி மட்டும் 3 சதவீதம். மூன்று வருடக் காசு இவ்வளவு காலம் வட்டியோடு இருக்கும். நாரஹேன்பிட்டியில் தொழிற் செயலகத்தில் இபிஎஃப் விசாரியுங்கள், ஈடிஎஃப்க்கு வேறு விண்ணப்பம். அவருடைய உறுப்பினர் இலக்கமும் கம்பனியின் இலக்கமும் வேண்டும், வீட்டில் பழைய கணக்குக் கூற்று ஏதாவது இருக்கிறதா தேடுங்கள், இல்லாவிட்டால் கம்பனியில் கேட்கலாம். வேலையில் சேரும்போது தனக்குப் பிறகு காசைப் பெற யாரைப் பின்னுரித்தாளியாக எழுதினார் என்பதையும் பாருங்கள், கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர் என்றால் அம்மாவின் பெயரை எழுதியிருப்பார். அப்படியென்றால் முதலில் மாமியோடு உட்கார்ந்து பேசுங்கள், ஆபீசில் வைத்துப் பேச வேண்டிய கதை இல்லை அது. கம்பனிப் பணிக்கொடைக்கு 5 வருடம் வேண்டும், ஆகவே அது வராது.

பெயர்ச் சிக்கலைப் பற்றி. எனக்கும் இதே கதைதான், கணவரின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தோடு, இன்னோரிடத்தில் தகப்பன் பெயர் முழுதாக, சிங்களத்தில் எழுதியபோது "ழ" எங்கேயோ போய்விட்டது. "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்" என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்தேன், கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தும் கடிதமும் எடுத்தேன். ஆனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் சத்தியக் கடதாசியோடு நிற்காமல் பதிவையே திருத்தப் போடுங்கள், பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பாஸ்போட் என்று பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. விவாகச் சான்றிதழ் தமிழில் இருப்பது குற்றம் இல்லை, தமிழும் அரச கரும மொழிதான். மொழிபெயர்ப்புக் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். மரணச் சான்றிதழில் குறைந்தது எட்டு பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி தீர்ந்துபோனதால் நான் மறுபடி வரிசையில் நின்றேன், கைக்குழந்தையோடு.

அப்புறம், கோயிலில் தாலி கட்டிய நாளும் பதிவுத் திகதியும் வேறாக இருந்தால் படிவத்தில் பதிவுத் திகதியைத்தான் எழுத வேண்டும்.

வெள்ளவத்தை அப்பா:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நேற்று பாடசாலைக்குப் போனேன். அதிபர் நல்ல மனிசி, அவரே வலயத்துக்கு போன் எடுத்தார். கோவை இருக்கிறது, ஐயா சொன்ன மாதிரியே நிரந்தரமாக்கிய கடிதம்தான் இல்லை. நல்ல காலம், வீட்டில் அவர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், மூலக் கடிதமே கிடைத்தது. அதற்குள் பழைய இபிஎஃப் கூற்றும் இருந்தது.

படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வரும்போது மகள் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா, நாங்கள் அநாதைகளா?" என்று கேட்டாள். எனக்கு வாயே எழவில்லை. இல்லையம்மா, அப்பா இருக்கிறேனே என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள், இரவு சாப்பிடவும் இல்லை. இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்று தெரியவில்லை.

தெஹிவளை அக்கா:

என் மகனும் கேட்டவன், அப்போது அவனுக்கு எட்டு வயது. நான் படிவத்தை ஒளிக்கவில்லை. பக்கத்தில் இருத்தி, அப்பா வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு மாதமும் நமக்காகக் கொஞ்சம் எடுத்து வைத்தார், அதைத்தான் அம்மா இப்போது கேட்டு எழுதுகிறேன் என்று காட்டினேன், அப்பாவின் கையெழுத்து இருந்த கடதாசியையும் காட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். உங்களிடமும் அந்தச் சம்பளச் சிட்டைகள் இருக்கின்றனவே, மகளுக்கு அந்தக் கழிவு எழுதியிருக்கிற இடத்தைக் காட்டுங்கள். அம்மாவின் பெயரை அவள் கையாலேயே படிவத்தில் எழுத விடலாமா என்று எழுதுநர் ஐயாவிடம் கேளுங்கள்.

இளைப்பாறிய எழுதுநர்:

தாராளமாக எழுதட்டும், கையொப்பம் மட்டும் தம்பி வைத்தால் போதும். முதலில் ஒரு போட்டோ பிரதியில் எழுதிப் பழகிவிட்டு, பிறகு மூலப் படிவத்தில் நீல மையால் எழுதச் சொல்லுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே வரட்டும். நிரந்தரக் கடிதத்தின் மூலப் பிரதியைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்து, ஒப்படைத்த திகதியோடு ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வெள்ளவத்தை அப்பா:

சரி ஐயா. இன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதப் போகிறோம். வெள்ளிக்கிழமை லீவு போட்டு வலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.