சில நாள் போய் வந்து என்ன கற்றோம்? கோலாலம்பூர், பினாங்கு களப்பணி அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டில் கல்லூரிக் குழுவோடு கோலாலம்பூர் போய் வந்தேன். சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளினால் சரி. தங்கியது தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். இறங்கிய அன்றே தோசை, பூக்கடை, தமிழில் பேரம் பேசும் டாக்ஸிக்காரர் எல்லாம் கிடைத்துவிட்டதால், கூட வந்தவர்கள் பாதிப் பேர் "இது நம்ம ஊர்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாளே அந்த நினைப்பு கலைந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குடியுரிமைப் பத்திரம் இல்லாத இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் எங்களைச் சேர்த்திருந்தார்கள். அங்கே வருகிறவர்களின் மனுக்களைக் கவனிக்கும் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீங்க யாருக்கும் ஆலோசனை சொல்ல வேணாம். பேப்பரை அடுக்கிக் கொடுத்தா போதும்." சிலருக்கு முகம் சுருங்கியது. கொஞ்ச நாள் தங்கிப் போகிற மாணவருக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அங்கே அடையாள அட்டையை ஐசி என்கிறார்கள். குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு, தற்காலிகவாசிகளுக்குப் பச்சை. பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகள் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் எடுத்துக்கொள்வார்கள். 1957 சுதந்திரத்துக்குப் பிறகும் விண்ணப்பிக்காமல் தோட்டத்திலேயே பால்மரம் (ரப்பர்) வெட்டிக் காலம் கழித்தவர்கள் உண்டு. வயதான பிறகும் சிவப்பு ஐசிதான், ஓட்டுரிமை கிடையாது. இன்னொரு சிக்கல் திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்டால், பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பார்த்துத்தான் முடிவாகும். அப்பா நீல ஐசி வைத்திருந்தாலும் அது பிள்ளைக்கு உதவாது.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிபிஆர் எனப்படும் அரசு மலிவுவிலை அடுக்குமாடியில் ஒரு பாட்டியும் பதினேழு வயதுப் பேரனும். அம்மா இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர், பையன் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊர் திரும்பிவிட்டார். திருமணம் பதியவில்லை. பிறப்புப் பத்திரத்திலேயே 'குடிமகன் அல்லாதவர்' என்று மலாயில் அச்சாகியிருந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஐசி எடுக்கக் கிளம்பிய நாளில் இவன் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டானாம்.

பாட்டி பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தார். மடிப்பில் கிழிந்த பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், கோயில் கல்யாண ரசீது, நடுவே பழைய தண்ணீர் பில்கள். அக்கா "ஏன் பதியலை?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "பாட்டி, இவன் பொறந்தப்ப எந்தத் தோட்டத்துல இருந்தீங்க? லயத்துல பக்கத்து வீடு யாரு?" என்றுதான் கேட்டார். பாட்டி யோசித்து யோசித்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளை பார்த்த அம்மா இன்னும் காஜாங்கில் இருப்பது தெரியவந்தது. பையன் இந்தக் குடும்பத்தில்தான் வளர்ந்தான் என்று சத்தியப் பிரமாணம் கொடுக்க ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. 'ஏன்' என்று கேட்டால் எதிரே இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார் என்று வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டியின் தோள் மெல்லத் தளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

என் வேலை, தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, பையனின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதுவது. அப்படி அடுக்கும்போது, தடுப்பூசி அட்டையின் கடைசி முத்திரைக்கும் பள்ளியில் சேர்ந்ததற்கும் நடுவே சில வருடம் காலியாக இருந்தது. அதிகாரி முதலில் கேட்கப்போவது அதைத்தான். விசாரித்ததில் அத்தை வீட்டில், ஈப்போவில் இருந்திருக்கிறான். அங்குள்ள கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தார்கள். மலேசிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசுக்கு இடம் தருகிறது. வயது வரம்பு உண்டு என்பதால் ஒவ்வொரு மாதமும் கணக்கு. மனு என்ன ஆனது என்று எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை, தெரிவிக்கவும் கூடாது. சரிதான்.

என் பாட்டி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. பிறகு 5,25,000 பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாக இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. இதையெல்லாம் வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் இதுவும் சமூகப்பணிக்கான களம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஊர் திரும்பியதும் துறைத்தலைவரிடம் கேட்டு, கடைசிப் பருவத் தொடர் களப்பணியை டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் குடியிருப்புகளில் போட்டுக்கொண்டேன். இங்கே சாதிச் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்கள் எத்தனையோ. தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பக்கத்தில் எழுதும் அந்த வேலையைத்தான் இப்போதும் செய்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வருகிற மாணவர்களை வரவேற்று வேலை கொடுக்கும் பக்கத்தில் இருப்பவள் நான். தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள்.

வருவதற்கு முன்பே பாதிக் குழுக்கள் கேட்பது ஒன்றுதான்: "ஆசிரமத்துப் பிள்ளைங்களோட ஒரு நாள் விளையாட்டு நிகழ்ச்சி வைக்கலாமா?" நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மனசு நல்ல மனசு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விடுமுறைக் காலத்தில் ஒரு இல்லத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழு போகும், அடுத்த குழு வரும், பிள்ளைகள் அதே டான்ஸை மறுபடி ஆடுவார்கள். வந்தவர் மடியில் ஏறி உட்காரும் சின்னப் பிள்ளை சாயந்திரம் கேட் பக்கம் நின்று அழும். அதைச் சமாதானப்படுத்துவது அங்கேயே இருக்கும் அம்மாதான், வந்தவர்கள் இல்லை. பெற்றவர்களைப் பிரிந்த பிள்ளைக்கு இன்னும் ஒரு பிரிவை நாம் கொடுக்கத் தேவையில்லை.

படம் எடுப்பதும் அப்படித்தான். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடக்கூடாது என்று 2001 சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு முகத்தில் பூப்படம் ஒட்டினால் போதாது. பள்ளிச் சீருடையும் பின்னால் தெரியும் கட்டடமும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மாணவர்களால் எனக்கு உண்மையிலேயே உதவியாக இருப்பவை வேறு. பழைய கோப்புகளைச் சரிபார்ப்பது. ஒரு தாய் சமூகநல இலாகாவுக்குப் போகும்போது கைக்குழந்தையை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்வது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு மலாய்ப் பாரத்தில் (படிவத்தில்) எந்தக் கட்டத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று தமிழில் ஒரு தாள் தயார் செய்வது. இந்தத் தாளை ஒரு குழு எழுதிக் கொடுத்தது, அடுத்த குழு திருத்தியது. இப்போது அது எங்கள் முன்மேசையில் இருக்கிறது, தினமும் யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, கல்லூரி ஆசிரியர்களுக்கு. குழுவை அனுப்பிவிட்டு நீங்கள் விடுதியிலேயே இருந்துவிடாதீர்கள். ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததைப் பேசவையுங்கள். குடிகார அப்பா அடிக்கிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்த பெண் ஒருத்தி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான்தான் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். அவள் வீட்டிலும் அதே கதைதான். மேற்பார்வை என்று பாடத்திட்டத்தில் மணிக்கணக்கு போட்டிருப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

பினாங்கிலிருந்து:

மலேசியாவில் சமூகப்பணிப் படிப்பு முதலில் தொடங்கியதே எங்கள் ஊர் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில், 1975-ல். அதனால் இங்கே மாணவர்கள் வந்துபோவது புதிதில்லை. நான் படித்தவன் இல்லை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நோயாளிகளை வேனில் ஏற்றி இறக்கும் தொண்டூழியன்.

சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரு தடவை என்னோடு அனுப்பினார்கள். கையில் கேள்வித்தாள் கொண்டு வந்திருந்தார்கள். படுக்கையில் இருந்த ஒரு நோயாளியைக் காட்டி நான் சொன்னேன், "தம்பி, அதைப் பையில போடு. அண்ணன் கூட நாலு மணி நேரம் உட்காரு." டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம். ஊசி குத்திய கையை அசைக்க முடியாது, பேச்சுத்துணை மட்டும்தான் முடியும். முதல் ஒரு மணி நேரம் கிரிக்கெட், ரஜினி. அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் குறைத்துவிட்டார்கள், மனைவி நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்கிறார், மகள் ஐந்தாம் படிவத்தோடு (பதினோராம் வகுப்பு மாதிரி) நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாள். பேச்சோடு பேச்சாக, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சம்பளத்தில் வருடக்கணக்காகப் பிடித்தம் போயிருப்பது வெளியே வந்தது. சந்தாதாரருக்குத் தகுதி இருந்தால் சொக்சோ டயாலிசிஸ் செலவை ஏற்கும், வேலை செய்ய முடியாமல் போனால் ஓய்வூதியமும் உண்டு. அவருக்கு அது தெரியாது. வாரம் மூன்று தடவை வேனில் ஏற்றும் நானும் கேட்டதில்லை, என் வேலை வண்டி ஓட்டுவது. அந்தத் தம்பிகள் மையத்துப் பொறுப்பாளரிடம் சொல்ல, அவர் பாரத்தை எடுத்து வந்தார்.

பாரத்தை நிரப்பியது மையத்து ஆள்தான், தம்பிகள் இல்லை. அதுதான் முறையும்கூட. பாரத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த வாரம் பதில் சொல்ல அவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள்.

கோத்தகிரியிலிருந்து மறுபடியும்:

அக்கா, அந்த மலாய்ப் பாரத் தாளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் கல்லூரியிலிருந்து அடுத்த குழு கிளம்பத் தயாராகிறது. பாட்டு, நாடகப் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் ஐசி நிறங்கள், திருமணப் பதிவு, சொக்சோ இவை மூன்றையும் முன்கூட்டியே படிக்கவைக்கலாம் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பதிவு இலாகா வரிசைக்கு எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், விடிகாலையிலேயே கிளம்பி வரச் சொல்கிறேன்.