செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்: டயரில் ஒரு அளவு, ஸ்டெப்னியில் ஒரு அளவு. எதை நம்பி வாங்குவது?

சேலத்து ஸ்விஃப்ட்:

வணக்கம். மூன்று மாதம் முன்பு 2013 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல் வண்டி வாங்கினேன். நான் மூன்றாவது ஓனர். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏசி நன்றாக இருக்கிறது. தலைவலி முழுக்க டயரில்தான்.

போன வாரம் குடும்பத்தோடு ஏற்காடு ஏறினோம். பின்சீட்டில் மூன்று பேர். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘சர்ர்ர்’ என்று எதிலோ உரசும் சத்தம். இருபது வளைவிலும் இதே கதை. “வண்டி அழுவுதுடா” என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். கீழே வந்து பார்த்தால் முன் இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. சத்தத்துக்கு அது காரணம் இல்லை, ஆனால் அந்த டயரோடு இனி ஓட்டாதீர்கள் என்றார் பஞ்சர் கடைக்காரர்.

சரி, மாற்றிவிடலாம் என்று போனால் அங்கே ஆரம்பித்தது குழப்பம். நான்கு டயரிலும் 195/65 ஆர்15 91எச் என்று இருக்கிறது. எல்லாம் முந்தைய ஓனர் மாட்டிய அலாய் வீல். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியோ இரும்புச் சக்கரம் (கடையில் டிஸ்க் என்கிறார்கள்), 165/80 ஆர்14. மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் “இருக்கிறதையே போடுங்க” என்கிறார். அடுத்தவர் “185/65 ஆர்15தான் போடணும்” என்கிறார். மூன்றாமவர் “அலாயை வித்துட்டு 14 இன்ச்சுக்கே வந்துடுங்க சார்” என்கிறார். யாரை நம்புவது?

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

இருக்கிற 195/65ஐயே போடுங்க ப்ரோ. பெரிய டயர் போட்டால் வண்டிக்குத் தனி கெத்து. கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும், ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாது. உரசல் சத்தத்துக்கு வீல் ஆர்ச், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு, அதன் உள் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போச்சு.

பழைய டயர் கடை:

தம்பி, வெட்டுகிற வேலையெல்லாம் அப்புறம். 22 வருஷம் டயர் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், வண்டியில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு முடிவு பண்ணாதீர்கள். அது முந்தைய ஓனருடைய ஆசை. கம்பெனி கொடுத்த அளவு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்று அளவும் அதில் இருக்கும். அப்புறம் ஸ்டெப்னியின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அது என்ன? சில டயரில் ஒரு பக்கம் மட்டும்தான் அடித்திருப்பார்கள், திருப்பிப் பாருங்கள். கடைசியாக, அலாயைக் கழற்றி உள்பக்கம் பொறித்திருப்பதை எழுதி அனுப்புங்கள்.

சேலத்து ஸ்விஃப்ட்:

நன்றி அண்ணா. ஸ்டிக்கர் இல்லை. தூணில் பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஓனர் கையேடும் வண்டியோடு வரவில்லை. ஸ்டெப்னியில் 4513 என்று இருக்கிறது. தரையில் படும் பட்டன் கொஞ்சமும் தேயவில்லை, புது டயர் மாதிரியே இருக்கிறது. அலாயைப் பார்க்க நாளை பஞ்சர் கடைக்குப் போகிறேன்.

பழைய டயர் கடை:

4513 என்றால் 2013ஆம் வருஷத்தின் 45ஆவது வாரம், அதாவது நவம்பர் வாக்கில் செய்த டயர். ஆர்சியில் வண்டி தயாரான மாதம் என்ன போட்டிருக்கிறது?

சேலத்து ஸ்விஃப்ட்:

12/2013!

பழைய டயர் கடை:

அப்படியானால் அது கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த ஸ்டெப்னி. யாரும் தொடவே இல்லை. ஸ்டிக்கர் போனாலும் சாட்சி டிக்கியில் படுத்திருக்கிறது. அந்தத் தலைமுறை ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐக்கு 165/80 ஆர்14, இசட்எக்ஸ்ஐக்கு அலாயோடு 185/65 ஆர்15. உங்கள் வண்டி பிறந்த அளவு 165/80 ஆர்14, சந்தேகமே வேண்டாம்.

புதுசு மாதிரி இருக்கிறது என்று அந்த ஸ்டெப்னியை நம்பி நெடுஞ்சாலையில் போய்விடாதீர்கள். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஏறும். பக்கவாட்டை விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள், முடி போல வெடிப்பு ஓடியிருக்கும்.

பெயின்ட் மூக்கு:

டயர் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூணில் ஸ்டிக்கர் இல்லை, பெயின்ட் மட்டும் பளபள என்றால் அந்தப் பக்கம் ஒரு தடவையாவது வேலை பார்த்திருக்கிறார்கள். ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்து, உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இடைவெளி மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சின்ன டென்ட்டாகவும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் டயர் போட்ட கையோடு, சக்கரங்கள் கோணாமல் நிற்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் பைத்தியம்:

மூன்று கடைக்காரர்கள் சொன்ன அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதைப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.

165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். 80 என்பது சதவீதம்: பக்கவாட்டின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழுமாக இரண்டு பக்கவாட்டு, ஆக 264. நடுவில் 14 இன்ச் ரிம், இன்ச்சுக்கு 25.4 வீதம் 355.6. மொத்த உயரம் 619.6 மி.மீ.

இதே முறையில் 185/65 ஆர்15க்கு 621.5 வருகிறது. 14 இன்ச் ரிம்மும் 15 இன்ச் ரிம்மும் வேறாக இருந்தாலும், தரையில் நிற்கும் சக்கரத்தின் உயர வித்தியாசம் 2 மி.மீ.தான்! கம்பெனி இரண்டு வேரியன்ட்டுக்கு இரண்டு அளவு கொடுத்தபோது இப்படித்தான் பொருத்திக் கொடுத்திருக்கிறது.

இப்போது மாட்டியிருக்கும் 195/65 ஆர்15க்கு 634.5. பிறந்த அளவைவிட 15 மி.மீ. அதிகம், 2.4 சதவீதம். வண்டி உண்மையில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 9,765தான் ஏறும்.

ஈரோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. உயரத்தில் பாதிதான் கிரவுண்ட் கிளியரன்ஸாகக் கிடைக்கும். 15 மி.மீ.யில் பாதி ஏழரை. ஏழரை மில்லிமீட்டருக்காக ஏழரையை விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

ஈரோடு எக்ஸ்பிரஸ்:

சரி சரி, வெட்ட வேண்டாம். ஆனால் 91 என்பது பெரிய எண்தானே? அதிக எடை தாங்கும் என்பார்களே?

பழைய டயர் கடை:

தாங்கும், மறுக்கவில்லை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ. 185/65 ஆர்15 சாதாரணமாக 88 என்று வரும், 560 கிலோ. உங்கள் 165/80 ஆர்14இல் 85 இருக்கும், 515 கிலோ. ஸ்விஃப்ட்டுக்கு 85 போதும் என்றுதான் கம்பெனியே கொடுத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது, அதற்குக் கீழே போய்விடக் கூடாது. விலை குறைவு என்று 82, 81 என்று எதையாவது தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கு: எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர்.

அம்பாசிடர் தாத்தா:

எங்கள் காலத்தில் அம்பாசிடருக்கு 5.90-15 என்று ஒரே அளவு. எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பான். சதவீதமும் இல்லை, கணக்கும் இல்லை. பஞ்சர் மட்டும் வாரத்துக்கு ஒன்று.

வேகன்ஆர் வாசுகி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2012 வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ. பக்கத்து வீட்டு விஎக்ஸ்ஐயில் 155/65 ஆர்14 இருக்கிறது, என் வண்டியில் 145/80 ஆர்13. என்னை யாரும் ஏமாற்றிவிட்டார்களா?

பழைய டயர் கடை:

இல்லைம்மா, இரண்டுமே கம்பெனி அளவுதான். வேரியன்ட் வேறு, டயர் வேறு. கடையில் “வேகன்ஆர் டயர்” என்று மட்டும் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

சேலத்து ஸ்விஃப்ட்:

அலாயைக் கழற்றிப் பார்த்தாயிற்று. உள்பக்கம் 15×6ஜே, 4×100, இ.டி. 38 என்று பொறித்திருக்கிறது. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், முன் வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கில் இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு மண்ணே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் சேறு. உரசுகிற இடம் அதுதான். நான்கு டயரிலும் 2217. இந்த அலாயை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

பழைய டயர் கடை:

கேட்ட விவரம் எல்லாம் வந்துவிட்டது, இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

4×100 என்பது நான்கு நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. ஸ்விஃப்ட்டுக்கு அதுதான். 6ஜே என்பது ரிம்மின் அகலம் 6 இன்ச். 185/65 ஆர்15 டயர் 5 முதல் 6.5 இன்ச் வரை அகலமுள்ள ரிம்மில் உட்காரும், அதனால் பொருந்தும். இ.டி. என்பது சக்கரம் எவ்வளவு உள்ளே ஒடுங்கி நிற்கிறது என்பதற்கான எண். அது குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். கம்பெனி ரிம்மைவிட அகலமான ரிம், அதில் உயரமும் அகலமும் கூடிய டயர். நேராக ஓடும்போது தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏற்றி, மலையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் தோள்பட்டை போய் பிளாஸ்டிக்கில் தேய்க்கிறது. உங்கள் அம்மா சரியாகத்தான் சொன்னார்.

அலாய் நெளியாமல், வெடிப்பு இல்லாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், 185/65 ஆர்15 88 போடுங்கள். இரண்டாவது கடைக்காரர் சொன்னது சரி. மூன்றாமவரும் தப்பில்லை, ஆனால் அலாயை விற்று, டிஸ்க் வாங்கி என்று அலைய வேண்டும்.

2217 என்றால் 2017 ஜூன் வாக்கில் செய்தது. புடைப்பு உள்ள ஒன்றை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அதனால் புடைப்பு. அதை எந்தப் பட்டறையிலும் ஒட்ட முடியாது. நான்கையும் மாற்றுங்கள். கையில் காசு இறுக்கமாக இருந்தால் இரண்டு இப்போது, இரண்டு அடுத்த மாதம், ஆனால் ஒரே அச்சில் இரண்டு அளவு கலக்கவே கூடாது. புடைப்பு டயரைக் கழற்றிவிட்டு, பழையதில் நல்ல இரண்டை முன்னால் வைத்து, புது இரண்டையும் பின்னால் போடுங்கள், மழையில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது கஷ்டம்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் நான்கு டயரிலும் தேதி எண்ணைப் பாருங்கள், ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். காற்று எவ்வளவு என்று கேட்டால் சில பையன்கள் டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படித்து அடிப்பார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சபட்சம், உங்கள் வண்டிக்கு உரியது இல்லை. ஓனர் கையேட்டைக் கம்பெனி இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள், அதில் 185/65க்குப் போட்டிருக்கும் அளவை அடிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. அலாய்க்கு மாட்டியிருக்கும் நட்டு உங்கள் இரும்பு டிஸ்க்குக்குச் சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் பழைய நட்டு நான்கை ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர் கணவாயில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

சேலத்து ஸ்விஃப்ட்:

பத்து நாள் கழித்து வருகிறேன். நான்கும் 185/65 ஆர்15 88எச் போட்டாயிற்று. முதலில் காட்டிய நான்கில் ஒன்றின் தேதி மூன்று வருஷம் பழசு. கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே வேறு எடுத்துக் கொடுத்தார்கள். நட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் நடந்தது: அலாய் நட்டு டிஸ்க்கில் உட்காரவில்லை. பஞ்சர் கடையில் பொருத்தமான நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். தூணில் வெல்டிங் புள்ளிகள் சரியாக இருக்கின்றன, அலைன்மென்ட் ரிப்போர்ட்டிலும் பெரிய கோளாறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனோம். இருபது வளைவிலும் சத்தம் இல்லை. கணக்குக்காரருக்காக ஒரு தகவல்: முன்பு மீட்டரில் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ்ஸில் 79 இருந்தது, இப்போது 77.

ஸ்டெப்னிக்கும் பழைய டிஸ்க்கிலேயே புது 165/80 ஆர்14 ஒன்று போட்டுவிட்டேன். பழைய 4513 டயரை, பட்டன் இருக்கிறதே, 500 ரூபாய்க்குக் கொடுங்கள் என்று கடைப் பையன் கேட்கிறான். கொடுத்துவிடலாமா?

பழைய டயர் கடை:

கொடுக்காதீர்கள் தம்பி. அடுத்த வாரம் அது மெருகு போட்டு இன்னொருவர் வண்டியில் ஓடும். பக்கவாட்டில் கத்தியால் இரண்டு கீறு கீறிவிட்டு அப்புறம் கொடுங்கள்.